அப்பா காசு வைத்து ஆடினால் பிள்ளையும் ஆடுவானா?

கடலூரிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். வீட்டுக்காரர் மீன்பிடித் தடைக்காலத்தில் காசு வைத்துச் சீட்டு ஆடுவார், ஐபிஎல் வந்தால் பெட் கட்டுவார். பத்தாம் வகுப்புப் போகும் மகன், அப்பாவின் போனிலிருந்து எந்த நிறம் வரும் என்று காசு கட்டும் ஏதோ ‘கலர்’ விளையாட்டில் 1,800 ரூபாய் விட்டிருக்கிறான். “அப்பாவைப் பார்த்துத்தான் இப்படி ஆனானா? இப்போ என்ன செய்யணும்?”

பெரும்பாலும் பார்த்துத்தான். ஆனால் அவன் எதைப் பார்த்தான், எது அவன் கண்ணில் படவில்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். ஐபிஎல்லும் பெரிய பள்ளி விடுமுறையும் இதே நாட்களில்தான். சீட்டு நடக்கும் இடத்தில் பையன்கள் சுற்றி நிற்பார்கள். “தம்பி, ஓடிப்போய் நாலு டீ வாங்கிட்டு வாடா” என்று ஒருவர் நூறு ரூபாயை நீட்டுவார். ஜெயித்துக்கொண்டிருப்பவர் என்றால், மீதியை “நீயே வச்சுக்கோ” என்று சொல்லிவிடுவார். தோற்றவர் வாய் திறக்காமல் லுங்கியை உதறிக் கட்டிக்கொண்டு எழுந்து போவார். அவர் வீட்டில் அன்று ராத்திரி என்ன நடந்தது என்பது பையனுக்குத் தெரியாது. அவன் கைக்கு வருவதெல்லாம் ஜெயித்தவர் காசு. சொந்த வீட்டிலும் அதே கதைதான். ஜெயித்த நாளில் பிரியாணிப் பொட்டலம் வரும், தோற்ற நாளில் “தலைவலி” என்று அப்பா திரும்பிப் படுத்துக்கொள்வார். இரண்டு மாதம் இப்படிப் போனால் அவன் மனக்கணக்கில் வரவு மட்டும்தான் நிற்கும். அவன் அப்பாவிடம் கற்றது ரம்மி இல்லை, இந்த ஒற்றைப் பக்கக் கணக்கு.

இது கடற்கரைக் குப்பங்களுக்கு மட்டும் உரியது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சிப்காட் ஷிப்ட் முடிந்து மூணு நம்பர் லாட்டரிச் சீட்டு வாங்குகிறவர் வீட்டிலும், புதுச்சேரியில் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் பெட் கட்டுகிறவர் வீட்டிலும் இதேதான் நடக்கிறது.

கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி டெரவென்ஸ்கியும் ரீனா குப்தாவும் 1990-களிலிருந்து இளவயதுச் சூதாட்டத்தை ஆராய்ந்து வந்தவர்கள். பிள்ளைகள் பலர் முதன்முதலில் காசு வைத்து ஆடுவது வீட்டு மனிதர்களோடுதான், பெற்றோர் பலர் அதைக் கெடுதலாகவே நினைப்பதில்லை என்பது அவர்கள் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த செய்தி. ரத்தத்திலும் கொஞ்சம் வரும். 1998-இல் அமெரிக்காவில் 3,359 இரட்டையர் ஜோடிகளை வைத்து வந்த ஆய்வு, சூதாட்டப் பிரச்சினையில் குடும்பவழிக் காரணங்களுக்குக் கணிசமான பங்கு இருப்பதாகக் காட்டியது. அதற்காக எல்லாம் தலையெழுத்து என்று விட்டுவிட முடியாது. சூதாடுபவரின் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்தப் பழக்கத்துக்கு அடிமையாவதில்லை. பிள்ளை எங்கே இருக்கிறான், கையில் எவ்வளவு இருக்கிறது என்று பெற்றோர் கவனிக்கும் வீடுகளில் ஆபத்து குறைகிறது.

இதை உங்களிடமும் சொல்லியாக வேண்டும், குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கணவரின் ஆட்டக் கடனை நகையை வைத்தோ, மகளிர் குழுக் கடன் எடுத்தோ நீங்கள் சத்தமில்லாமல் அடைத்தால், ‘கடைசியில் அம்மா பார்த்துக்கொள்வாள்’ என்பதையும் மகன் சேர்த்தே கற்றுக்கொள்கிறான். அடைக்க வேண்டிய நெருக்கடி வந்தால் அடையுங்கள், ஆனால் அது மறைவாக நடக்க வேண்டாம்.

இனி போன். ஆன்லைன் பண ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டத்துக்குப் பிறகு பெரிய ரம்மி ஆப்கள் பண ஆட்டத்தை நிறுத்திவிட்டன. மிச்சமிருப்பது வெளிநாட்டுத் தளங்களும், டெலிகிராம் குழு வழியாக வரும் கலர் விளையாட்டுகளும். இவற்றுக்குப் பணம் பெரும்பாலும் முன்பின் தெரியாத தனி ஆட்களின் பெயருக்கு யுபிஐ வழியாகப் போகும், பெயர் அடிக்கடி மாறும். அதனால் கணவர் போனில் பரிவர்த்தனைப் பட்டியலைத் திறந்து ராத்திரி 10 மணிக்கு மேல் போனவற்றைப் பாருங்கள். 100, 100, 200, 500 என்று சில நிமிட இடைவெளியில் ஏறிக்கொண்டே போனால் அது விட்டதைப் பிடிக்கப் பார்த்த ராத்திரி.

யுபிஐ பின் நம்பரை மாற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. டெபிட் கார்டின் கடைசி 6 எண்ணும் காலாவதித் தேதியும் இருந்தால் புது யுபிஐ பின் போட்டுவிடலாம், ஓடிபி அந்தப் போனுக்கே வரும். கார்டு அப்பாவின் பர்ஸில், பர்ஸ் ஆணியில் தொங்கும் சட்டையில். பல வீடுகளில் யுபிஐ போட்டுக் கொடுத்ததே பையன்தான். ஆகவே கார்டை உங்கள் பீரோவில் பூட்டுங்கள், பின்னை மாற்றுங்கள், போன் திறக்கும் லாக்கையும் மாற்றுங்கள். மூன்றும் ஒரே நாளில் நடக்க வேண்டும். மகனுக்குச் செலவுக்கு வேண்டுமென்றால் உங்கள் கணக்கிலிருந்து இன்னொருவர் பணம் செலுத்த விடும் ‘யுபிஐ சர்க்கிள்’ வசதியில், ஒவ்வொரு முறையும் நீங்கள் ஒப்புதல் கொடுத்தால்தான் பணம் போகும் வகையைத் தேர்ந்தெடுங்கள். முழு அனுமதி வகை வேண்டாம், அதில் மாதம் 15,000 வரை உங்களைக் கேட்காமலே போகும்.

ஒன்று மட்டும் அவனிடம் நேராகக் கேளுங்கள்: “உன் அக்கவுண்ட்டையோ சிம்மையோ யாருக்காவது கொடுத்திருக்கியா?” இந்த டெலிகிராம் குழுக்கள் பையன்களின் வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்பதுண்டு. கொடுத்திருந்தால் அடுத்தவர் மோசடிப் பணம் அவன் பெயரில் ஓடும், கணக்கு முடங்கும், போலீஸ் தேடி வரும். அப்படி இருந்தால் அன்றைக்கே வங்கிக்குப் போய்ச் சொல்லி, 1930 சைபர் உதவி எண்ணிலும் புகார் கொடுங்கள்.

அடுத்து அப்பா பேச வேண்டும். “நான் ஆடுறேன்னு நீயும் ஆடுவியா” என்று கை ஓங்குவதால் ஒன்றும் நடக்காது, அடுத்த முறை இன்னும் ஒளித்து ஆடுவான். ரூபாயைச் சொல்லிப் பேச வேண்டும். “போன மாசம் ஆட்டத்துல 4,200 போச்சு, வந்தது 1,100. உன் டியூசன் ஃபீஸ் லேட்டானது அதனாலதான்டா.” இவ்வளவு போதும். பல அப்பாக்களுக்கு இந்த இரண்டு வரியைச் சொல்வது மலையைப் புரட்டுவது போல. ஆனாலும் அறிவுரையைவிட இதற்குத்தான் பலம் அதிகம், பையன் கண்ணில் படாத பக்கம் இதுதான்.

கணக்கைக் கையாலேயே காட்டலாம். 100 புளியங்கொட்டை எடுங்கள். அப்பாவுக்கு 50, மகனுக்கு 50. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஆளுக்கு 5 வைத்துக் காசு சுண்டுங்கள். ஜெயித்தவருக்கு 9, ஆட்டம் நடத்துபவராக நீங்கள் உட்கார்ந்து 1 எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவரிடம் தீர்ந்தால் மற்றவர் கடன் கொடுக்கட்டும். 50 ஆட்டம் முடிந்ததும் எண்ணிப் பாருங்கள். இருவரில் யார் கெட்டிக்காரராக இருந்தாலும் 50 கொட்டை உங்களிடம் இருக்கும். கலர் விளையாட்டு நடத்துபவர் இதைவிட அதிகம் எடுப்பார், காசையும் அவரே சுண்டுவார். மூணு நம்பர் சீட்டில் கணக்கு இன்னும் கொடுமை. 000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள். 60 ரூபாய்ச் சீட்டுக்கு 25,000 தருவதாக வைத்துக்கொண்டால், ஆயிரம் எண்ணையும் வாங்க 60,000 ஆகும், திரும்புவது அந்த 25,000 மட்டுமே.

1,800 ரூபாயை ஒரு தடவை விட்டதை வைத்து அடிமை என்று முத்திரை குத்தாதீர்கள். மனநல மருத்துவர்கள் பார்க்கும் 9 அறிகுறிகளில் 4 அல்லது அதற்கு மேல் 12 மாதத்துக்குள் இருக்க வேண்டும். தொகை ஏறிக்கொண்டே போவது, விட்டதைப் பிடிக்க மறுநாளே திரும்புவது, பொய், நிறுத்தச் சொன்னால் எரிச்சல், அடுத்தவர் வந்து கடன் அடைக்கும் நிலை ஆகியவை அவற்றில் சில. பையன்களிடம் முதலில் கண்ணில் படுவது நண்பர்களிடம் வாங்கிய சின்னச் சின்னக் கடன். அவன் நண்பர்கள் இரண்டு பேரிடம் விசாரியுங்கள்.

கணவர் ஆட்டத்தை விடும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஆடுகிற இடத்துக்கு மகனை டீ வாங்கவும் அனுப்பக்கூடாது, ஸ்கோர் எழுதவும் உட்கார வைக்கக்கூடாது, ஜெயித்த காசு அவன் கைக்கு வரக்கூடாது. இந்த மூன்றுக்கும் அவரைச் சம்மதிக்க வையுங்கள். இதற்கு மறுக்கும் அப்பா குறைவு.

அறிகுறிகள் கூடினால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். நேரில் போக மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனை, அல்லது கோரிமேடு ஜிப்மர் மனநலப் பிரிவு. முடிந்தால் அப்பாவும் மகனும் ஒரே நாளில் போகட்டும். மூன்று மாத வங்கி ஸ்டேட்மென்ட் எடுத்துப் போங்கள், வாயால் சொல்லும் தொகை எப்போதும் குறைவாகத்தான் இருக்கும்.