அமெரிக்காவில் டல்லஸ் பக்கம் கறுப்பினப் பெண்களுக்கு முடி பின்னும் கடைகளில் பைபிள் வசனம் எழுதி வைத்திருக்கிறார்களே, அது கடவுள் பெயரால் நடக்கும் வியாபாரம்தானா?

கேள்வி கேட்டவர் தன் தோழியைக் கூட்டிப்போக நினைத்த ஒரு கடையில் விலைப்பட்டியலுக்கு மேலேயே பைபிளின் சங்கீதப் புத்தகத்து வசனம் அச்சடித்திருந்ததைப் பார்த்திருக்கிறார். பணம் எவ்வளவு ஆகும் என்றும் கேட்டிருக்கிறார். பக்தியா, விளம்பரமா என்று சந்தேகம். நியாயமான சந்தேகம்தான். நான் அப்படி ஒரு கடையில் ஐந்து வருஷமாகச் சனிக்கிழமைதோறும் இருக்கிறேன். கணக்கு எழுதுவேன், சவுரிக் கட்டுகளைப் பிரித்து ஊறவைத்து அலசிக் காயப்போடுவேன். உள்ளே நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

நான் அங்கே போய்ச் சேர்ந்ததே என் மகளால்தான். எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை, கணவர் டல்லஸில் பிறந்து வளர்ந்த கறுப்பின அமெரிக்கர். மகளுக்கு அவருடைய முடி. பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கைவிடச் சின்னதாகச் சுருண்டிருக்கும், ஈரமாக இருக்கும்போது இழுத்தால் தோளைத் தொடும், காய்ந்தால் காதுக்கு மேலே ஏறிக்கொள்ளும். எனக்குத் தெரிந்ததெல்லாம் தேங்காய் எண்ணெய், இழுத்துச் சீவி இரட்டை ஜடை. அவளுக்கு நாலு வயதாகும்வரை அதைத்தான் செய்தேன். காய்ந்த முடியில் எண்ணெயை அப்பி, நெருக்கமான பல் உள்ள சீப்பை உச்சியில் வைத்து ஒரே இழுப்பாகக் கீழே இழுப்பேன், அவள் கத்துவாள், சீப்பில் அறுந்த முடி பஞ்சு மாதிரி சேரும். வீடியோ காலில் அம்மா, "ஏளா, பிள்ளை தலை ஏன் இப்படிப் பரட்டையாக் கிடக்கு, எண்ணெயே காட்ட மாட்டியா?" என்பார். அன்பாகச் சொன்னதுதான். ஆனால் ஒரு நாள் எதிர்வீட்டுப் பிள்ளைக்குப் பழனியில் மொட்டை போட்ட படத்தைக் காட்டி, மொட்டை போட்டால் முடி நல்லா வளரும் என்று அம்மா சொல்ல, என் மகள் அன்று ராத்திரி என்னிடம் வந்து, "எனக்கும் மொட்டை போடும்மா, அடுத்த தடவை நேரா வரட்டும்" என்றாள். நாலு வயது. எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

வீட்டுக்குப் பக்கத்து சலூன் ஒன்றில் இந்த முடிக்கு எங்களிடம் ஆள் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இன்னொரு இடத்தில் ரிலாக்ஸர் என்கிற ரசாயனம் போட்டு நேராக்கிவிடலாம் என்றார்கள், நாலு வயதுப் பிள்ளைக்கு. கடைசியில் கணவரின் அத்தைதான் கையைப் பிடித்து அவருடைய சபையைச் சேர்ந்த ஒரு அம்மாவிடம் கூட்டிப்போனார். எல்லோரும் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். வீட்டு கராஜை மாற்றிக் கட்டின கடை. இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி.

சிஸ்டர் எண்ணெயைத் தொடவே இல்லை. தண்ணீர் அடிக்கும் பாட்டிலை எடுத்தார். தலையை நாலு பாகமாகப் பிரித்து மூன்றைக் கிளிப் போட்டு ஒதுக்கிவிட்டு, ஒரு பாகத்தை நன்றாக நனைத்து, வழுக்குகிற அளவுக்கு கண்டிஷனர் தடவி, முதலில் விரலால், அப்புறம் பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே போனார். ஒவ்வொரு சிக்கையும் மேலே இன்னொரு கையால் பிடித்துக்கொண்டுதான் எடுப்பார், வேர்க்காலுக்கு இழுப்பே போகாது. என் மகள் பாதியில் தூங்கிவிட்டாள். என் வாழ்க்கையில் அவள் தலை சீவும்போது தூங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

நேரான கோரை முடியில் தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் வழுக்கிக்கொண்டு நுனிவரை இறங்கிவிடும். இந்த முடியில் ஒவ்வொரு வளைவிலும் தடை, அதனால் வேர் பிசுபிசுத்தாலும் நுனி வறண்டே இருக்கும். வளைகிற இடமெல்லாம் பலவீனமான இடம், உலர்ந்த நிலையில் சீப்பு பட்டால் அங்கேதான் அறுகிறது. எண்ணெய் ஈரம் தராது, இருக்கிற ஈரத்தைப் பூட்டி வைக்கும். நான் காய்ந்த முடியைப் பூட்டிக்கொண்டிருந்தேன். முதலில் தண்ணீர், அதன் மேல் க்ரீம், கடைசியில்தான் எண்ணெய். ராத்திரி பருத்தித் தலையணை ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால் சாட்டின் துணிக் குல்லா. பின்னல் என்பதும் அலங்காரம் மட்டும் கிடையாது. தலையோடு ஒட்டி வரப்பு மாதிரி ஓடும் கார்ன்ரோ, கட்டம் கட்டமாக வகிடு எடுத்துப் பின்னும் பாக்ஸ் பிரெய்ட், இரண்டு புரியாக முறுக்கும் ட்விஸ்ட் எல்லாமே நுனியை உள்ளே மடக்கிக் காற்றிலும் உரசலிலும் படாமல் காப்பாற்றத்தான். அதனால்தான் அதைப் பாதுகாப்புப் பின்னல் என்கிறார்கள். ஆனால் இறுக்கிப் பின்னினால் அதே பின்னல் முடியைக் கொன்றுவிடும். நெற்றியோரத்திலும் காதோரத்திலும் இழுவிசையால் முடி உதிரும், ஆரம்பத்தில் கவனித்தால் திரும்ப வளரும், வருஷக்கணக்கில் விட்டால் வேர்க்கால் தழும்பாகிவிடும், பிறகு எதைத் தடவினாலும் வராது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். சிஸ்டர் தொடங்கும் முன்னால், "உங்களுக்காக ஒரு வார்த்தை ஜெபிக்கலாமா?" என்று கேட்பார். வேண்டாம் என்றால் புன்னகையோடு சீப்பை எடுப்பார். முஸ்லிம் பெண்கள் வந்தால் கராஜ் கதவைச் சாத்தித் திரை போடுவார், அந்த நேரத்தில் அவருடைய மகன்கூட உள்ளே வரக்கூடாது. ஞாயிறு கடை கிடையாது. இதெல்லாம் வெளியே தெரிகிற பக்தி. நான் அவருடைய விசுவாசத்தை உண்மையில் பார்த்தது வேறொரு நாள்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு பெண் வந்தாள். இடுப்புவரை மெல்லிய பின்னல், எல்லாவற்றையும் மேலே தூக்கிக் கட்ட வேண்டும். 320 டாலர் வேலை. அந்த மாதம் குளிர்சாதனப் பெட்டி பழுதாகி ரொக்கம் இல்லை என்பது கணக்கு எழுதுகிற எனக்குத் தெரியும். சிஸ்டர் அவள் நெற்றியோரத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். இரண்டு விரல் அகலத்துக்கு முடி உதிர்ந்துபோய்ப் பூனைமுடி மட்டும் இருந்தது, வேர்களில் சின்னச் சின்ன வெள்ளைக் கொப்புளம். "மகளே, இதன் மேல் நான் கை வைக்க மாட்டேன்" என்றார். சவுரி சேர்க்காமல் தளர்வாக முறுக்கிப் பூ வைத்துவிடுகிறேன், 45 டாலர் போதும், முதலில் தோல் டாக்டரைப் பார் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். அவள் கோபித்துக்கொண்டு போனாள், ராத்திரிக்குள் இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டாள், திரும்பி வரவே இல்லை. சிஸ்டர் அதற்குப் பதில் எழுதவில்லை.

இந்தத் தொழிலில் விசுவாசம் புதிதாக ஒட்டவைத்த லேபிள் இல்லை. மேடம் சி. ஜே. வாக்கர் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சாரா பிரீட்லவ் என்ற பெயரில் 1867இல் லூசியானாவில், அடிமைகளாக இருந்து விடுதலையான பெற்றோருக்குப் பிறந்தவர். ஏழு வயதில் அநாதை, இருபதில் இரண்டு வயது மகளோடு விதவை. செயின்ட் லூயிஸில் துணி வெளுத்துப் பிழைத்தார். அப்போது முடி கொட்ட ஆரம்பித்தது. அந்தக் காலத்தில் ஏழை வீடுகளில் குழாய்த் தண்ணீரே கிடையாது, தலை அலசுவது அபூர்வம், தலைத்தோல் நோய் சகஜம். ஜெபித்தேன், கனவில் ஒருவர் வந்து என்ன கலக்க வேண்டும் என்று சொன்னார் என்பதுதான் அவர் பிற்காலத்தில் சொன்ன சாட்சி. அதற்கு முன்பே ஆனி டர்ன்போ மலோன் என்ற இன்னொரு கறுப்பினப் பெண்மணியின் முடி மருந்தை வீடு வீடாக விற்றிருக்கிறார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கந்தகம் சேர்ந்த களிம்பு, அதோடு அடிக்கடி தலை அலசச் சொன்னது, இரண்டும் வேலை செய்தன. ஆனால் அவரைத் தூக்கி நிறுத்தியது செயின்ட் லூயிஸில் ஏ.எம்.ஈ. என்கிற கறுப்பின மெதடிஸ்ட் சபையின் பெண்கள். பிறகு அவர் ஊர் ஊராகப் போய்ச் சபைகளில்தான் செய்து காட்டினார், ஆயிரக்கணக்கான பெண்களை ஏஜெண்டுகளாகப் பழக்கினார். அவர்களில் பலருக்கு அடுத்தவர் வீட்டுத் துணியைத் துவைப்பதைத் தவிர வேறு வேலை அதுவரை கிடைத்ததில்லை. 1919இல் இறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால், கறுப்பர்களைக் கும்பல் அடித்துக் கொல்வதற்கு எதிரான நிதிக்கு 5,000 டாலர் தருவதாக அறிவித்தார்.

சபை எப்போதும் துணையாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். 1 பேதுருவிலும் 1 தீமோத்தேயுவிலும் மயிரைப் பின்னுவது பற்றி வருகிற வசனங்களைக் காட்டி, பின்னலே ஆடம்பரம் என்று பிரசங்கம் செய்தவர்கள் உண்டு. சிஸ்டர் சின்ன வயதில் அதைக் கேட்டு அழுதவர். அந்த வசனங்கள் பொன்னாபரணத்தோடு சேர்ந்த படாடோபத்தைப் பற்றியவை, வேலைக்குப் போகிற பெண் முடி உடையாமல் இருக்கப் பின்னுவதைப் பற்றி அல்ல என்று அவர் பொறுமையாகச் சொல்வார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

சட்டம் இன்னும் மோசம். எங்கள் டல்லஸிலேயே ஐசிஸ் பிராண்ட்லி என்ற அம்மையாரை, லைசென்ஸ் இல்லாமல் முடி பின்னினார் என்று 1997இல் கைது செய்தார்கள். பின்னல் சொல்லித்தர அவர் பள்ளி நடத்த வேண்டுமானால் பத்து முடிவெட்டும் நாற்காலி, 2,000 சதுர அடி, தலை அலச ஐந்து தொட்டி வேண்டும் என்றது டெக்சாஸ் மாநிலம். பின்னுவதற்குத் தொட்டியும் வேண்டாம், கத்தரியும் வேண்டாம். அவர் வழக்குப் போட்டு 2015 ஜனவரியில் ஜெயித்தார், அதே வருஷம் டெக்சாஸ் பின்னலுக்கு லைசென்ஸே வேண்டாம் என்று சட்டத்தை மாற்றியது. சிஸ்டர் அதற்கு அப்புறம்தான் பயமில்லாமல் போர்டு வைத்தார். முடி வெட்டவும் ரசாயனம் போடவும் இன்றும் லைசென்ஸ் வேண்டும். கலிபோர்னியாவில் 2019இல் முதலில் வந்த கிரவுன் சட்டம், அதாவது பின்னலையோ சடைமுடியையோ காரணம் காட்டி வேலையிலும் பள்ளியிலும் பாகுபாடு கூடாது என்கிற சட்டம், டெக்சாஸில் 2023 செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது.

ரிலாக்ஸரை சிஸ்டர் தொடுவதே இல்லை. 2022 அக்டோபரில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்து ஆய்வாளர்கள் 33,000க்கு மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட முடிவு கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. முடி நேராக்கும் மருந்தே போடாதவர்களுக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம், அடிக்கடி போட்டவர்களுக்கு 4.05. ஆய்வு காட்டுவது தொடர்பைத்தான், அந்த மருந்துதான் காரணம் என்று நிரூபிக்கவில்லை. ஆனாலும் எனக்கு அன்றைக்கு நாலு வயதுப் பிள்ளைக்குப் போடலாம் என்று சொன்ன சலூன்தான் நினைவுக்கு வரும்.

பணம் எவ்வளவு என்றும் கேட்டிருக்கிறீர்கள். நடுத்தர அளவில் முடிச்சில்லாப் பின்னல் 240 டாலர். சவுரிக்கும் ஜெல்லுக்கும் 35, மின்சாரம், தண்ணீர், காப்பீட்டுக்கு 25. மிச்சம் 180, வேலை ஏழு மணி நேரம், இடையில் சாப்பாட்டுக்குக்கூட உட்கார மாட்டார். சுயதொழில் வரி 15.3 சதவீதம் போனால் மணிக்கு ஏறக்குறைய 22 டாலர், வருமான வரி தனி. தோள்பட்டை வலிக்கு யாரும் பணம் தருவதில்லை. முன்பு அவரும் விசிட்டிங் கார்டில் வசனம் போட்டிருந்தார், இப்போது இல்லை. வசனத்தைப் பார்த்தவர்கள் "நாமெல்லாம் கர்த்தருடைய பிள்ளைகள்தானே, கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று ஆரம்பித்தார்கள், கடன் சொன்னவர்களும் சபைக்காரர்கள்தான். வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரன் என்பதும் வேதத்தில்தானே இருக்கிறது. இப்போது பாஸ்டர் மனைவிக்கும் அதே விலை, முன்பணம் 40 டாலர். வேலை இழந்தவர்களுக்கும் கீமோ முடிந்து முடி முளைப்பவர்களுக்கும் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காசு வாங்காமல் செய்கிறார். அதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

ஒரு சம்பவம் மட்டும் சொல்லிவிடுகிறேன். பின்னலுக்கு வருவது பெரும்பாலும் செயற்கை இழை, கனேகலான் மாதிரி. அதன் மேல்பூச்சு சிலருக்கு அரிக்கும், அதனால்தான் ஆப்பிள் சைடர் வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைப்பேன், வெள்ளையாகப் படலம் மிதந்து வரும். ஒரு நாள் ஒரு அம்மா பின்னலோடு சேர்த்துத் தைத்துக்கொள்வதற்காக நிஜ முடிக் கட்டு கொண்டுவந்தார், உறையில் 'இந்தியன்' என்று இருந்தது. சிஸ்டர் என்னிடம், இது எப்படிக் கிடைக்கிறது என்று கேட்டார். திருப்பதியில் கல்யாணகட்டாவில் மொட்டை போட்டுக்கொள்வதையும், அந்த முடியைத் தேவஸ்தானம் ஏலத்தில் விற்பதையும், எங்கள் பக்கம் வேளாங்கண்ணியில்கூட நேர்ச்சைக்கு மொட்டை போடுவார்கள் என்பதையும் சொன்னேன். "கொடுத்த பெண்ணுக்கு என்ன கிடைக்கும்?" என்றார். ஒன்றும் கிடையாது, காணிக்கை என்றேன். கையில் இருந்த கட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அந்த அம்மாவிடம் கேட்டுக்கொண்டு செய்த ஜெபத்தில், இந்த முடியைக் கொடுத்த பெண் எதற்காக வேண்டிக்கொண்டாளோ அது அவளுக்குக் கிடைக்கட்டும் என்றும் ஒரு வரி சேர்த்தார். நிஜ முடி வரும்போதெல்லாம் அந்த வரி இன்றும் உண்டு.

ஆகவே நீங்கள் பார்த்த அந்தக் கடை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாது, சுவரில் இருக்கும் வசனத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. உங்கள் தோழியைக் கூட்டிப்போகும்போது ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள், இந்தப் பின்னலை எத்தனை வாரம் வைத்திருக்கலாம் என்று. பணம் கொடுத்ததற்கு மூன்று மாதம் ஓட்டலாம் என்றால் எழுந்து வந்துவிடலாம். ஆறு வாரம், மிஞ்சினால் எட்டு என்று சொல்லி, கழற்றும் தேதியையும் அப்போதே ஒரு சீட்டில் எழுதித் தந்தால் நம்பி உட்காரலாம். சிஸ்டர் அந்தத் தேதிக்கு முந்தின நாள் தானே போன் செய்வார். என் மகளுக்கு அடுத்த வியாழன்.