பழைய நீராவி ரயிலைக் கறுப்பு வெள்ளையில் படமெடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஊட்டி மலை ரயிலுக்கு முதல் முறையாகப் போகிறேன், கையில் பிலிம் கேமராவும் இரண்டு கறுப்பு வெள்ளைச் சுருளும் இருக்கின்றன, எதில் கவனம் வைக்கட்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் நாகர்கோவில்காரன். எனக்கு இந்தப் பாடம் எங்கள் ஊரில்தான் கிடைத்தது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரயில் வந்ததே 1979-ல்தான். எங்கள் அப்பா காலத்து ஆட்கள் பஸ் ஏறித் திருநெல்வேலிக்குப் போய்த்தான் ரயிலைப் பிடித்தார்கள். அதனால் 2019-ல் இ.ஐ.ஆர். 21 என்ற பழைய நீராவி இன்ஜினை நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே ஓட்டப் போகிறார்கள் என்றதும் அப்பாவையும் அழைத்துக்கொண்டு கோட்டாறு ஸ்டேஷனுக்கு ஓடினேன். 1855-ல் இங்கிலாந்தில் செய்த இன்ஜின் அது. ஓய்வு கொடுத்தபின் நூறு வருஷத்துக்கு மேல் காட்சிப் பொருளாக நின்று, பெரம்பூர் பணிமனையில் 2010-ல் மறுபடி உயிர் பெற்றது. கிட்டப் போனதும் அப்பா சொன்னார்: "மக்கா, இதே மணந்தான் திருநெல்வேலி ஜங்ஷன்ல அடிக்கும்."

நான் 36 படமும் எடுத்துத் தீர்த்தேன். வீட்டில் கழுவிப் பார்த்தால் இன்ஜின் இருந்தது, ஆவியைக் காணவில்லை. பிளாட்பாரத்திலிருந்து அண்ணாந்து எடுத்த படங்களில் பின்னால் வெளிறிய வானம். வெள்ளையில் வெள்ளை போய்க் கலந்துவிட்டது. ஒரே ஒரு படம் மட்டும் பிழைத்தது. அதில் ஆவிக்குப் பின்னால் ஒரு வேப்பமரத்தின் நிழல் விழுந்திருந்தது.

அன்றிலிருந்து நான் முதலில் தேடுவது இருட்டான பின்னணியைத்தான். மரக்கூட்டம், பாறை, சுரங்க வாய், மலையின் நிழல் பக்கம், எதுவானாலும் சரி. சூரியன் ஆவிக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ இருந்தால் புகையின் ஓரமெல்லாம் வெள்ளி மாதிரி எரியும். முதுகில் வெயில் விழ நின்று எடுத்தால் அது தட்டையாகப் பஞ்சு மாதிரி ஆகிவிடும்.

அப்புறம் குளிர். இன்ஜினில் ஆவி வெளியேறும் இடத்தை உற்றுப் பாருங்கள். குழாய் வாயிலிருந்து சிறிது தூரத்துக்கு ஒன்றுமே தெரியாது, அதற்கப்புறம்தான் வெள்ளை பிறக்கும். நீராவிக்கு நிறம் கிடையாது. நாம் பார்ப்பது அது குளிர்ந்து திரளும் நீர்த்துளிகளை. எங்கள் ஊர் வெயிலில் அந்தத் துளிகள் இரண்டு ஆள் உயரம் போவதற்குள் கரைந்துவிடுகின்றன. மலையில் காலைக் குளிரிலும் ஈரத்திலும் அவை நெடுநேரம் நிற்கும். அதனால் விடியற்காலையை விட்டுவிடாதீர்கள். முதல் நாள் இரவே மேட்டுப்பாளையத்தில் தங்கிவிடுங்கள், வண்டி காலை 7:10-க்குக் கிளம்பிவிடும். இன்னொன்று, குன்னூர் வரைக்கும்தான் நீராவி. அங்கிருந்து ஊட்டிக்கு டீசல் இன்ஜின் இழுக்கும். சுருளை அதற்கேற்பப் பங்கிட்டுக்கொள்ளுங்கள்.

கல்லாறு ஸ்டேஷனைத் தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை தொடங்கும். பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏறும் செங்குத்து அது. இன்ஜின் பின்னால் நின்று பெட்டிகளை மேலே தள்ளிக்கொண்டு வரும். வண்டியின் முகத்தில் இன்ஜினைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். பின்பக்கப் பெட்டியில் ஜன்னலோர இடம் கிடைத்தால் வளைவுகளில் இன்ஜின் தானாகவே கண்ணுக்குள் வரும். வேகம் மணிக்குப் பத்து கிலோமீட்டரை ஒட்டித்தான் இருக்கும், ஷட்டர் வேகம் 1/125 வினாடி தாராளமாகப் போதும். தயவுசெய்து தண்டவாளத்தில் இறங்கி நிற்காதீர்கள்.

லென்ஸுக்கு முன்னால் மாட்டும் சிவப்பு ஃபில்டர் வாங்கச் சொல்லிப் பலரும் யோசனை சொல்வார்கள். நீல வானத்தைக் கறுப்பாக்கி ஆவியை எடுத்துக் காட்டுவது உண்மைதான். ஆனால் மூன்று ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிடும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). அந்தக் காட்டு நிழலில் ஐ.எஸ்.ஓ. 400 வேகமுள்ள பிலிமுக்குக்கூட அது கட்டுப்படியாகாது. மலையில் வானம் தெரிவதே கொஞ்சம், மரங்களே கறுப்பைக் கொடுத்துவிடும். மஞ்சள் ஃபில்டர் போதும்.

வெளிச்சத்தை அளக்கும் மீட்டரை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். கரி படிந்த இரும்பு பிரேமை நிறைத்தால் அது வெளிச்சம் போதவில்லை என்று எண்ணிக் கூட்டிக் கொடுக்கும், ஆவி வெந்து வெறும் காகிதமாகிவிடும். உள்ளங்கையை அதே வெயிலில் நீட்டி அளந்து, ஒரு ஸ்டாப் கூட்டி வையுங்கள். நம் கையின் நிறத்துக்கு அதில் அரை ஸ்டாப் குறைத்தாலும் சரிதான்.

வழியில் ஹில்குரோவ் ஸ்டேஷனில் தண்ணீர் பிடிக்க வண்டி நிற்கும். எல்லோரும் டீக்கும் வடைக்கும் போவார்கள். நீங்கள் இன்ஜின் பக்கம் போங்கள். எண்ணெய்க் கைகளைக் கந்தல் துணியில் துடைத்துக்கொண்டு நிற்கும் ஊழியர், சுற்றிலும் கசியும் ஆவி, பின்னால் கறுத்த காடு. அண்ணன், ஒரு படம் எடுத்துக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள். அதற்கென்று பத்து பிரேமாவது மிச்சம் வைத்திருங்கள்.