மடித்து வைத்த மஞ்சள் சட்டை

கேள்வி: எனக்கு வயது 31. பளிச்சென்ற நிறங்களும் பெரிய பெரிய பூப்போட்ட துணிகளும்தான் எப்போதும் பிடிக்கும். 2 வருடம் முன்பு வேலை மாறினேன். இங்கே எல்லோரும் சாம்பல், கறுப்பு, கருநீலம்தான். யாரும் எதுவும் சொல்லவில்லை, நானாகவே ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டேன். போன வாரம் பழைய மஞ்சள் சட்டையைப் போட்டேன்; எல்லோரும் என்னையே பார்ப்பார்கள் என்று தோன்ற, உடனே கழற்றிவிட்டேன். நான் போலியாகிவிட்டேனா?

பதில்: இல்லை தோழி. அந்தப் ‘போலி’ என்ற சொல்லை முதலில் தூக்கிப் போடுங்கள். புது இடத்தில் நாலு பேரோடு பழகும்போது நம் பேச்சு கொஞ்சம் மாறுகிறதே, அதை யாராவது போலி என்பார்களா? உடுப்பும் அப்படித்தான். ‘நானும் உங்களில் ஒருத்தி’ என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருப்பதைச் சட்டை சொல்லிவிடுகிறது. அந்த வேலையில் காலூன்ற அது உங்களுக்குத் தேவைப்பட்டது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஜெர்மன் சமூகவியலாளர் கேயோர்க் சிம்மல் 1904-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். கூட்டத்தோடு சேர்ந்திருக்கவும் வேண்டும், அதிலிருந்து கொஞ்சம் தனித்துத் தெரியவும் வேண்டும், இந்த இரண்டு ஆசையும் சேரும் இடத்தில்தான் ஃபேஷன் பிறக்கிறது என்பது அவர் கருத்து. உங்களிடம் முதல் ஆசை 2 வருடமாக வயிறாரச் சாப்பிடுகிறது, இரண்டாவது பட்டினி கிடக்கிறது. கண்ணாடி முன்னால் நின்றபோது உங்களை உறுத்தியது அந்தப் பசிதான் என்று நினைக்கிறேன்.

சாம்பல் நிறத்தையெல்லாம் அலமாரியை விட்டு விரட்ட வேண்டாம். அதில் சில இந்நேரம் உண்மையிலேயே உங்களுக்குப் பிடித்துப்போயிருக்கலாம், 29 வயதில் இருந்த ரசனை 31-லும் அப்படியே இருக்க வேண்டும் என்று கட்டாயமா என்ன? ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். யாரும் வராத, எங்கும் போக வேண்டாத விடுமுறை நாளிலும் கை தானாக எதை எடுக்கும்? அது உங்களுடையது. பிறர் கண்ணுக்குப் பயந்து மட்டும் வாங்கியது எது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அப்புறம் அந்த ‘எல்லோரும் பார்ப்பார்கள்’. அமெரிக்காவில் சில உளவியலாளர்கள் 2000-இல் வெளியிட்ட ஒரு ஆய்வில், மாணவர்களுக்குக் கூச்சம் தரும் படம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டிவிட்டு, மற்றவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் இருந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப்பேர் அந்தப் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தது கால்வாசிப்பேர்தான். மற்றவர்களும் நம்மைப் போலத்தான், அவரவர் சட்டையைப் பற்றிய கவலையில் இருக்கிறார்கள். சரி, நாலில் ஒருவர் பார்க்கத்தானே செய்கிறார் என்பீர்கள். பார்க்கட்டும். யாராவது கேட்டால் ‘எனக்குப் பிடித்த நிறம்’ என்று சொல்லுங்கள், மன்னிப்புக் கேட்கும் குரலில் மட்டும் சொல்லாதீர்கள்.

முக்கியமான கூட்டம் எதுவும் இல்லாத ஒரு சாதாரண நாளில், நீங்கள் வழக்கமாகப் போடும் கறுப்புப் பேண்ட்டோடு அந்த மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு போங்கள். முதல் நாள் மதியம் வரை உடம்பெல்லாம் கூசும். அடுத்த வாரமும் அதையே போடுங்கள். மூன்றாவது தடவை போட்ட பிறகு எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள், காத்திருக்கிறேன்.