எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்?

ஐயாவுக்கு ஸ்தோத்திரம்.

மயிலாடுதுறைக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். பொங்கலுக்கு முன்னால் பள்ளியில் கோலப்போட்டி நடந்தது. அங்கே ஒரு பையன், "உங்க சாமி வெள்ளைக்காரன் சாமிதானே, உனக்கு எதுக்குடா பொங்கல்?" என்று கேட்டிருக்கிறான். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். ராத்திரி படுக்கும்போது, "அம்மா, நாம யாரு?" என்றான். "நீ கர்த்தருடைய பிள்ளை" என்றேன். "அது தெரியும்மா. அதைக் கேக்கல" என்றான்.

எங்களைப் போன்ற குடும்பங்களில் பிள்ளைக்கு இரண்டு பேர் என்பது உங்களுக்குத் தெரியும். சாதிச் சான்றிதழில் ஒன்று, ஞானஸ்நானத்தில் ஒன்று. அன்றைக்கு அதையும் கேட்டுவிட்டான். "'உன்னைப் பேர்சொல்லி அழைத்தேன்'னு வசனம் சொல்றோமே, கர்த்தர் என்னை எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாரு?" எனக்குப் பதில் வரவில்லை. "பேசாம தூங்குடா" என்று விளக்கை அணைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளிக்கு ஒழுங்காக அனுப்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் அவன் அப்பா. முதலில் வாசலில் கோலம் போடுவதை நிறுத்து, பிள்ளை குழம்பமாட்டான் என்கிறார் ஜெபக்கூட்டத்தில் ஒரு அக்கா. நான் என்ன செய்யட்டும்?

ஒரு தாய்

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேஜைமேல் வைத்திருந்தேன். உங்கள் மகன் கேட்ட கேள்விக்கு இந்த வயதில் எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை.

சின்ன விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கோலம் போடுங்கள். அரிசிமாவில் புள்ளி வைப்பதால் பிள்ளை குழம்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை. பொங்கலும் அப்படித்தான். எங்கள் சபையில் அதையே அறுப்பின் பண்டிகை என்போம். நெல்மூட்டை, வாழைத்தார், பரங்கிக்காய், காலைக் கட்டிய சேவல் எல்லாம் பீடத்துக்கு முன்னால் வந்து சேரும். ஆராதனை முடிந்ததும் ஏலம். என் பாட்டி ஒரு வருஷம் தான் காணிக்கையாக வைத்த பரங்கிக்காயை வேறு யாரும் எடுத்துவிடக்கூடாது என்று தானே இரண்டு மடங்கு விலை கேட்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சேவல் மட்டும் கடைசிவரை பிரசங்கத்துக்குக் குறுக்கே பேசிக்கொண்டிருந்தது. காவிரித் தண்ணீரில் விளைந்த சோற்றைத் தின்கிறவனுக்குப் பொங்கல் எதற்கு என்று யாராவது கேட்டால், "சோறு தின்னத்தான்" என்று சொல்லச் சொல்லுங்கள்.

"வெள்ளைக்காரன் சாமி" என்பதற்குக் கோபப்படாதீர்கள். அந்தப் பையன் வீட்டில் கேட்டதைச் சொல்லியிருக்கிறான். அதில் பாதி உண்மையும் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை மகனைத் தரங்கம்பாடிக்குக் கூட்டிப்போங்கள். ஒருகாலத்தில் டென்மார்க்காரர்கள் ஆண்ட ஊர் அது. ராஜ வீதியில் 1718-ல் கட்டி முடித்த புது எருசலேம் ஆலயம் இருக்கிறது. வாசலுக்கு மேலே டென்மார்க் ராஜாவின் கிரீட முத்திரையைப் பார்க்கலாம். "ஆமாம்டா, வெள்ளைக்காரர்கள் கட்டியதுதான்" என்று ஒத்துக்கொள்ளுங்கள். பிறகு உள்ளே பீடத்துக்கு முன்னால் இருக்கிற, டென்மார்க் ராஜா அனுப்பிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவின் கல்லறையைக் காட்டுங்கள். அவர் இந்தக் கரையில் இறங்கியது 1706 ஜூலை 9. மறுநாள் அவருக்கு 24 வயது முடிந்தது. நம் ஊர்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதி அ, ஆ படித்த மனிதர் அவர். வந்து மூன்று வருஷம் ஆவதற்குள் அவரைப் பிடித்து நாலு மாதம் சிறையில் போட்டது யார் தெரியுமா? கோட்டையில் இருந்த, அதே டென்மார்க் ராஜாவின் அதிகாரி. வெள்ளைக்காரர்களின் சாமி என்றால் வெள்ளைக்காரனே ஏன் பிடித்துப் போட்டான் என்று உங்கள் மகன் கேட்பான். கேட்கட்டும்.

அதோடு நிறுத்திவிட்டால் இதுவும் ஒரு வெள்ளைக்காரக் கதையாகவே முடிந்துவிடும். நம் ஆட்களைச் சொல்லுங்கள். ராஜநாயக்கன் என்று ஒருவர் தஞ்சாவூர் மன்னரின் படையில் இருந்தவர். இந்த வட்டாரத்துக் கிராமங்களில் நடந்து நடந்து சபைகளைக் கட்டியவர். அவரைப் போதகராக்கிக் குருப்பட்டம் கொடுக்கலாமா என்று பேச்சு வந்தபோது தயங்கிக் கைவிட்டுவிட்டார்கள். பறையர் குலத்தவர் கையிலிருந்து மற்றவர்கள் நற்கருணை அப்பம் வாங்கமாட்டார்கள் என்பதுதான் காரணம். சரபோஜி மன்னரின் அரசவைக் கவிஞராக இருந்த வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெத்லகேமைக் குறவஞ்சியாகப் பாடினார். குறத்தி வந்து குறி சொல்கிற நம் ஊர்க் கூத்தில் இயேசு பிறந்த ஊரைக் கொண்டுவந்து வைத்தார். இதைவிட உள்ளூராக என்ன வேண்டும்? ஆனால் சபைக்குள் சாதி பார்த்து உட்காருவது கூடாது என்று புதிய மிஷனரிகள் சொன்னபோது எதிர்த்து நின்றவரும் அவரே. பாட்டையும் சொல்லுங்கள், இதையும் சொல்லுங்கள். பெருமையை மட்டும் சொல்லி வளர்த்த பிள்ளை, மிச்சத்தை ஒருநாள் வெளியில் வேறு யாராவது வாயிலிருந்து கேட்டுவிட்டு வந்து நம்மை முறைத்துப் பார்ப்பான்.

ஓய்வுநாள் பள்ளியைப் பற்றி. அனுப்புங்கள், நல்லதுதான். நான் அங்கே வசனம் ஒப்பித்து ஒரு பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ் பரிசு வாங்கினேன். டிபன் பாக்ஸ் ஞாபகமிருக்கிறது, வசனம் இல்லை. நீங்கள் எந்தச் சபை என்று எழுதவில்லை. நான் லுத்தரன் வீட்டுப் பிள்ளை. விசுவாசத்தைக் கேள்வி பதிலாகச் சொல்லித்தரும் எங்கள் ஞானோபதேசப் புத்தகத்தில் ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் "இதற்கு அர்த்தமென்ன?" என்று ஒரு கேள்வி வரும். 1529-ல், எங்கள் சபைக்குப் பேர் வரக் காரணமான மார்ட்டின் லுத்தர் அதை எழுதியது பள்ளிக்கூடத்தை மட்டும் நினைத்து அல்ல. குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிமையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றுதான் தலைப்பிலேயே போட்டார். உங்கள் வீட்டுக்காரரிடம் இதைக் கொஞ்சம் பதமாகச் சொல்லுங்கள். வேலையை ஆசிரியை தலையில் கட்டிவிட முடியாது.

இரண்டு பேர் விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தை எடுத்து வைத்தது அதற்காகத்தான்.

என்னோடு படித்த நண்பன் ஒருவனுக்கும் இரண்டு பேர். வருகைப் பதிவில் ஒரு பேருக்கு "உள்ளேன் ஐயா" என்பான். ஞாயிற்றுக்கிழமை வேறு பேர். ஒருமுறை எங்கள் சபைப் போதகர் ஏதோ வேலையாகப் பள்ளிக்கு வந்து, வராந்தாவில் அவனைச் சபைப் பேரில் கூப்பிட்டார். அவன் திரும்பவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பல வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அதைப் பேசினோம். "ரெண்டு பேர் இருந்தது கஷ்டமில்லடா. ஏன்னு வீட்ல யாருமே சொல்லல. நான் ஏதோ திருடுறேன்னு நெனச்சுக்கிட்டே வளர்ந்துட்டேன்" என்றான்.

அதனால் சொல்லிவிடுங்கள். ஏழாம் வகுப்புக்குச் சட்டம் புரியும். 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதிச் சான்றிதழ் இந்துக்களுக்கு மட்டும். 1956-ல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-ல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. அதனால்தான் சான்றிதழில் ஒரு பேர், சபையில் ஒரு பேர். ஞானஸ்நானம் வாங்கியதால் தெரு மாறவில்லை, ஊர் பார்க்கிற பார்வை மாறவில்லை, கல்லறைத் தோட்டத்தில்கூடப் பல இடங்களில் சாதியைப் பிரிக்கும் நடுச்சுவர் விழவில்லை. காகிதத்தில் மட்டும் எல்லாம் மாறிவிட்டதாகக் கணக்கு. தாத்தா காலத்தில் பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டுமென்றால் ஒன்றை விட்டுத்தான் ஒன்றைப் பிடிக்க வேண்டியிருந்தது. இதில் சரி, தப்பு என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? அந்த நெருக்கடி எனக்கு வந்ததில்லை. ஆனால் உங்கள் குடும்பம் எதை எண்ணிப் பயந்தது, எதற்கு ஆசைப்பட்டது என்பது உங்கள் மகனுக்குத் தெரிய வேண்டும். "நாம யாரு" என்று அவன் கேட்டதில் அதுவும் இருக்கிறது.

அப்புறம் வேதத்தில் தானியேல் புத்தகத்தின் முதல் அதிகாரத்தை வாசித்துக் காட்டுங்கள். ஓய்வுநாள் பள்ளியில் அதைக் காய்கறி சாப்பிட்ட கதையாகச் சொல்லிவிட்டு நேரே சிங்கக் கெபிக்குத் தாவிவிடுவார்கள். ஏழாம் வசனத்தில் பாபிலோன் அரண்மனைப் பிரதானி, சிறைபிடித்துக் கொண்டுவந்த தானியேலுக்குப் பெல்தெஷாத்சார் என்று மறுபேர் வைக்கிறான். அரசாங்கக் கணக்கில் அவன் பேர் அதுதான். அந்தப் பேரோடுதான் படித்தான், உத்தியோகம் பார்த்தான். அதற்காக அவனை வேதம் ஒரு இடத்திலும் கடிந்துகொள்ளவில்லை. பத்தாம் அதிகாரத்தில் பெரிய ஆற்றங்கரையில் நிற்கும்போது அவனைத் தேடி வந்தவர், "பிரியமான புருஷனாகிய தானியேலே" என்கிறார். எஸ்தர் ராணிக்கும் அத்சாள் என்று இன்னொரு பேர் உண்டு. இந்த விஷயத்தில் உங்கள் மகனுக்கு நல்ல துணை இருக்கிறது.

எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார் என்றுதானே கேட்டான்? வேதத்தில் வரும் சாமுவேலும் அப்படி ஒரு ராத்திரி ஆலயத்தில் படுத்திருந்த பையன்தான். கர்த்தர் கூப்பிட்டார். அவனோ, தன்னை வளர்த்த ஆசாரியர் ஏலி கூப்பிடுகிறார் என்று நினைத்து எழுந்து ஓடினான். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. அப்படியானால் அந்தக் குரல் இடிமுழக்கமாக இருந்திருக்காது. தினமும் அவனைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரல் மாதிரியே இருந்திருக்க வேண்டும். இது என் ஊகம்தான், எந்த வியாக்கியானத்திலும் படித்ததில்லை. இரண்டு பேர் போக, உங்கள் மகனைக் கொஞ்சும்போது கூப்பிட மூன்றாவதாக ஒரு பேர் வீட்டில் இருக்குமே, அதைக் கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. நான் அந்தப் பேரைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பதில் சொல்லாமல் விளக்கை அணைத்துவிட்டோமே என்று வருத்தப்படாதீர்கள். ஏலியும் முதல் இரண்டு தடவை, "திரும்பிப்போய்ப் படுத்துக்கொள்" என்றுதான் சொன்னார்.