மொத்தத்தையும் திரும்ப எடுக்கணுமா?

கேள்வி: கல்லூரிக் குறும்படத்துக்காக மே மாதம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் அம்மா, மகன் சண்டையை ரெண்டு சாயங்காலமாக எடுத்தோம். எடிட்டில் ஷாட்டுக்கு ஷாட் துள்ளுகிறது. ஒரு ஷாட்டில் கொடி நிறையத் துணி, அடுத்ததில் கொடி காலி. மகனாக நடித்தவர் தாடியை வேறு எடுத்துவிட்டார். நவம்பரில் மொத்தமாக ரீஷூட் போகலாமா?
- ஒரு மாணவர், சைதாப்பேட்டை

பதில்: வேண்டாம். கொடி காலியாக இருப்பது உங்களுக்கும் உங்கள் அசிஸ்டெண்டுக்கும்தான் உறுத்தும், பார்க்கிறவர் அம்மா முகத்தில் இருப்பார். இமாஜினரி லைனை, அதாவது நடிக்கிற ரெண்டு பேரையும் இணைக்கிற கற்பனைக் கோட்டைத் தாண்டி கேமரா வைத்து, ரெண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்துப் பேசுகிற மாதிரி வந்திருந்தால் அதுதான் கோளாறு.

முதலில் இருக்கிறதை வைத்துக் காட்சியை முழுசாக எடிட் செய்து முடியுங்கள். ஷாட் இல்லாத இடத்தில் கறுப்பு ஃபிரேம் போட்டு 'அம்மா கை, துணி பிழிகிறாள்' என்று எழுதிவிட்டு, கதை தெரியாத யாருக்காவது போட்டுக் காட்டுங்கள். கறுப்பு ஓடும்போது வசனத்தை மட்டும் கேட்டே அவருக்குப் புரிந்துவிட்டதென்றால் அந்த ஷாட்டே தேவையில்லை. நான் ஒருமுறை இதைச் செய்யாமல் ஒரு காட்சியை முழுக்கத் திரும்ப எடுத்தேன், கடைசியில் படத்தில் நின்றது ஒரு குளோசப் மட்டும்.

அப்புறம் சத்தம். பக்கத்து வீட்டு மோட்டார் ஒரு ஷாட்டில் ஓடி அடுத்ததில் பட்டென்று அறுந்தால், படம் சரியாக இருந்தாலும் கட் துள்ளும். மாடிக்குப் போய் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு ரெண்டு நிமிஷம் ஆம்பியன்ஸ், அதாவது அந்த இடத்தின் வெறும் சத்தத்தைப் பதிவு செய்து அடியில் ஓட்டிப் பாருங்கள், பாதித் துள்ளல் அதிலேயே அடங்கலாம்.

மிச்சமிருப்பதற்குப் பேட்ச் வொர்க், அதாவது தேவையான சின்ன ஷாட்டுகளை மட்டும் எடுத்து நடுவில் சேர்ப்பது, போதும். கை, வாளி, ஈரத்துணி மாதிரி ஒரு ஷாட்டை நடுவில் வைத்தால் லைன் தாண்டிய குழப்பமும் பெரும்பாலும் மறைந்துவிடும். மகனை நேர் பின்னாலிருந்து எடுங்கள், தாடி பிரச்சினை இல்லை. வானம் தெரிகிற வைட் ஷாட்டை மட்டும் தொடாதீர்கள்: மே மாதம் சென்னையில் சூரியன் வடமேற்காக ஆறரையை ஒட்டி இறங்கும், நவம்பரில் தென்மேற்காக 5.40-க்கே போய்விடும், நிழல் விழுகிற பக்கமே மாறியிருக்கும். மழைக்காலம் வேறு. எனவே சுவரோர நிழலில், பின்னணி தெரியாமல் டைட்டாக, பழைய ஃபிரேமை போனில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொண்டே எடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தப் பையனுக்கு ஒரு போன் போட்டு, மே மாதம் போட்டிருந்த சட்டை இன்னும் அவரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள்.