அப்டேட் வந்தது, ஆப் போனது: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, இணையத்தில் படமும் சேனலும் பார்க்க டிவியில் பொருத்தும் பெட்டியும் குச்சியும் (ஸ்டிக்) பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறேன். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

சென்னையிலிருந்து மச்சான் கொண்டு வந்த ஃபயர் டிவி ஸ்டிக் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. போன மாதம் தானாக அப்டேட் ஆனது. அதற்குப் பிறகு, டவுனில் ஒரு தம்பி போட்டுத் தந்த சேனல் ஆப் திறக்கவில்லை. யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் ஓடுகின்றன. பழைய வெர்ஷனுக்குத் திரும்ப வழி உண்டா?
*ஹட்டன் வாசகர்*

இல்லை. ஒருமுறை ஏறிய ஃபயர் ஓஎஸ்ஸை, அதாவது குச்சியை இயக்கும் அடிப்படை மென்பொருளை, பழைய பதிப்புக்கு இறக்க அமேசான் வழி வைக்கவில்லை. "நான் செய்து தருகிறேன்" என்று யாராவது வந்தால் காசு கொடுக்காதீர்கள்.

ஃபயர் ஓஎஸ் ஆண்ட்ராய்டின் மேல் கட்டப்பட்டது. ஃபயர் ஓஎஸ் 7க்கு அடியில் இருப்பது ஆண்ட்ராய்டு 9. அதனால்தான் அமேசான் கடையில் இல்லாத ஆப்பையும் வெளியிலிருந்து கொண்டு வந்து போட முடிந்தது. 2025 பிற்பகுதியில், திருட்டு ஒளிபரப்புக் காட்டும் ஆப்களை, அவை வெளியிலிருந்து போட்டவையானாலும், குச்சியிலேயே தடுக்கும் வேலையை அமேசான் தொடங்கியது. உங்கள் ஆப்பின் பெயரை நீங்கள் எழுதவில்லை. சந்தா இல்லாமல் எல்லாச் சேனலையும் காட்டியது என்றால் இதுதான் காரணமாக இருக்கும். அது திரும்பி வராது.

கோடி, விஎல்சி மாதிரி படம் ஓட்டும் ஒழுங்கான ஆப் என்றால் கதை வேறு. அதை நீக்கிவிட்டு, தயாரித்தவர்களின் தளத்திலிருந்து புதிய பதிப்பைப் போடுங்கள். பழைய ஆப் புதிய ஓஎஸ்ஸில் நிற்பது சாதாரணமாக நடப்பது. உதாரணத்துக்கு, ஆண்ட்ராய்டு 14 வந்தபோது, ஆண்ட்ராய்டு 6க்கும் முந்திய காலத்துக்கென்று எழுதி அப்படியே விட்டுவிட்ட ஆப்களைப் புதிதாகப் போடவே விடவில்லை.

ஃபயர் டிவி ஸ்டிக் 4கே செலக்ட் மலிவாகக் கிடைக்கிறது. வெளி ஆப்களும் போட்டுப் பார்க்க ஆசை. வாங்கலாமா?
*நுவரெலியா வாசகர்*

வெளி ஆப் வேண்டுமென்றால் வாங்காதீர்கள். 2025 செப்டெம்பரில் அறிவிக்கப்பட்ட அந்தக் குச்சியில் ஆண்ட்ராய்டே இல்லை. வேகா ஓஎஸ் என்ற புதிய அமைப்பு, லினக்ஸ் மேல் கட்டியது. ஆண்ட்ராய்டு ஆப்பைக் கொண்டு போய்ப் போட்டால் அதற்குப் புரியாது. பெரிய நிறுவனங்கள் தங்கள் ஆப்பை அதற்கென்று மறுபடி எழுதித் தருகின்றன. சின்ன நிறுவனங்கள் எப்போது எழுதும் என்பது அவரவர் கையில்.

இதைக் கேட்டு, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் குச்சியும் ஒருநாள் வேகா ஆகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். அப்படி ஆகாது. கடையில் வாங்கும்போது மட்டும், செட்டிங்ஸ் பகுதியில் 'மை ஃபயர் டிவி', 'அபவுட்' என்று போய்ப் பாருங்கள். ஃபயர் ஓஎஸ்ஸா வேகாவா என்று அங்கே எழுதியிருக்கும்.

நான் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். தீபாவளி முற்பணத்தில் 14,500 ரூபா கொடுத்துப் பிள்ளைகளுக்காக ஓர் ஆண்ட்ராய்டு பெட்டி வாங்கினேன். எல்லாத் தமிழ்ச் சேனலும் ஆயுசுக்கும் இலவசம் என்றார் கடைக்காரர். பொங்கலுக்கு முன்பே பாதிக்கு மேல் நின்றுவிட்டது. போய்க் கேட்டால், "அப்டேட் வந்திருச்சு, நாங்க என்ன செய்ய" என்கிறார். பில் தரவில்லை. ஒரு துண்டில் தொகையை எழுதித் தந்தார்.
*தலவாக்கலை வாசகி*

அம்மா, உங்கள் மேல் ஒரு பிழையும் இல்லை. அந்தத் துண்டைப் பத்திரமாக வையுங்கள். நாள் கடத்தாமல் செய்ய வேண்டியதை முதலில் சொல்கிறேன்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, வாங்குபவர் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். திகதி, அளவு, விலை எல்லாம் அதில் இருக்க வேண்டும். கடைக்குப் போய் பில் கேளுங்கள். கூட ஒருவரை அழைத்துப் போங்கள். தர மறுத்தால் அதையும் முறைப்பாட்டில் சேருங்கள். முறைப்பாடு விற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் போக வேண்டும், அதனால் இந்த வாரமே எழுதுங்கள். தமிழில் எழுதலாம். 1977க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். நுவரெலியா கச்சேரியிலும் விசாரிக்கலாம். கடிதத்தில் "ஆப் வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் கடைக்காரர் மறுபடி அப்டேட்டைக் காட்டித் தப்பிப்பார். "ஆயுசுக்கும் இலவசம் என்று சொல்லி விற்றார், பொங்கல் வரைகூட நிற்கவில்லை" என்று எழுதுங்கள். அவர் கொடுத்த வாக்குத்தான் இங்கே வழக்கு.

இனி அந்த 'அப்டேட்' பற்றி. மலையகத்து டவுன்களில் இந்தச் சொல்லை வைத்து நடக்கிற வியாபாரத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் பொறுக்கவில்லை.

அந்த மாதிரிப் பெட்டிகளுக்கு ஓஎஸ் அப்டேட் வருவதே அபூர்வம். கூகுளின் சான்றிதழ் பெற்ற ஆண்ட்ராய்டு டிவி, கூகுள் டிவி கருவிகள் வேறு. இவை, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த ஆண்ட்ராய்டை எடுத்து, பெயர் தெரியாத ஒரு தொழிற்சாலை போட்டு அனுப்பியவை. விற்ற பிறகு அதைக் கவனிக்க ஆள் இல்லை. சேனல் நின்றதற்குக் காரணம் எங்கோ தூரத்தில் அந்தத் திருட்டு ஒளிபரப்பை நடத்தியவர் சேர்வரை மூடியிருப்பார், இல்லையென்றால் முகவரியை மாற்றியிருப்பார். ஒழுங்கான ஆப்கள் நிற்பதற்குக் காரணம் நேர் எதிரானது. ஆப் புதிதாகிக்கொண்டே போகிறது, பெட்டிக்குள் இருக்கும் ஆண்ட்ராய்டு பழையதாகவே கிடக்கிறது. அதாவது அப்டேட் வராததுதான் கோளாறு. இது தெரிந்த கடைக்காரரும் "அப்டேட் வந்திருச்சு" என்றே சொல்கிறார், ஏனென்றால் அந்தச் சொல்லுக்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை.

அட்டைப்பெட்டியில் அச்சடித்திருப்பதையும் நம்ப முடியாது. சில வருடங்களுக்கு முன் நான் வாங்கிய ஒரு பெட்டியில் ஆண்ட்ராய்டு 12, 4 ஜீபி ரேம் என்று போட்டிருந்தது. செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தாலும் 12 என்றே காட்டியது. உள்விவரம் காட்டும் ஓர் ஆப்பைப் போட்டுப் பார்த்தபோது ஆண்ட்ராய்டு 7, ரேம் 1 ஜீபி என்று வந்தது. அந்தப் பக்கத்தையே பொய் சொல்லும்படி மாற்றி வைத்திருந்தார்கள். காசு திரும்பக் கிடைக்கவில்லை.

இன்னும் மோசமான ஒன்று இருக்கிறது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ இந்தச் சான்றிதழ் இல்லாத பெட்டிகளைப் பற்றி எச்சரிக்கை விட்டது. அடுத்த மாதம் கூகுள், பேட்பொக்ஸ் 2.0 என்ற வலையமைப்பை நடத்தியவர்கள் மேல் வழக்குப் போட்டது. இப்படிப்பட்ட 1 கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் அதில் சிக்கியிருந்தன. பல பெட்டிகளில் கெட்ட மென்பொருள் விற்கும்போதே உள்ளே இருந்தது. முன்பின் தெரியாதவர்களின் இணையப் போக்குவரத்தை உங்கள் வீட்டு இணைப்பு வழியாக அவை கடத்திவிடும். ரவுட்டரில் போட்ட டேட்டா யாரும் எதுவும் பார்க்காமலே தீர்கிறது என்று எழுதுகிற வாசகர்கள், பெட்டியின் வயரைக் கழற்றி இரண்டு நாள் வைத்துப் பாருங்கள்.

சம்பளம், முற்பணம் கொடுக்கிற நாள் பார்த்து இந்தப் பெட்டிகளைக் கடை வாசலில் அடுக்குகிறார்கள். வாங்குபவர் திரும்பி வந்து சண்டை போட ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை, விட வேண்டும், பஸ்ஸுக்குக் காசு வேண்டும். அதைத் தெரிந்துகொண்டே விற்கிறார்கள்.

அடுத்து வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. காசை எடுக்கும் முன், கடையிலேயே பெட்டியைப் பொருத்தி, ப்ளே ஸ்டோரில் நெட்ஃபிளிக்ஸைத் தேடிக் காட்டச் சொல்லுங்கள். உங்களுக்குச் சந்தா இருக்க வேண்டுமென்று இல்லை. டிவிக்கான ஆப்பாக அது அங்கே வரவில்லை என்றால் பெட்டியை வைத்துவிட்டு வெளியே வாருங்கள். வந்தால், "கூகுள் சான்றிதழ் பெற்ற ஆண்ட்ராய்டு டிவி" என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

கரண்ட் போய் வந்த பிறகு பெட்டியில் எந்த ஆப்பும் இணையம் இல்லை என்கிறது. வைஃபை இருக்கிறது, போனில் எல்லாம் ஓடுகிறது.
*பதுளை வாசகர்*

பெட்டியின் திகதியைப் பாருங்கள். 1970 என்றோ வேறு ஏதோ பழைய வருடமோ காட்டும். மலிவுப் பெட்டிகளில் கடிகாரத்துக்குத் தனி பற்றரி இருக்காது. திகதி பிழையென்றால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாது என்று ஆப் முடிவு செய்துவிடும். திகதியைச் சரி செய்யுங்கள், போதும்.

அப்டேட் பாதியில் நிற்கிறது. குச்சி திரும்பத் திரும்ப அணைந்து எரிகிறது. கடைக்குக் கொண்டு போனால் உள்ளே இருக்கும் சர்க்கியூட் போர்ட் போய்விட்டது, 6,000 ரூபா ஆகும் என்கிறார்கள்.
*பண்டாரவளை வாசகி*

குச்சிக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று எழுதவில்லையே. டிவியின் பின்பக்க யூஎஸ்பி துளையிலிருந்து என்றால் கோளாறு அங்கேதான் இருக்க இடமுண்டு. சாதாரண யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லியாம்பியர்தான் தரும். குச்சியோடு வரும் அடாப்டர் 1 ஆம்பியர் தருவது. படம் பார்க்கும்போது எப்படியோ சமாளித்துவிடும். அப்டேட்டின்போது சிப் முழுமூச்சாக வேலை செய்யும், அப்போது கரண்ட் பற்றாமல் விழுந்து எழும். அதனுடன் வந்த அடாப்டரிலேயே சுவரில் செருகி, வயரைத் தொடாமல் ஒரு மணி நேரம் விடுங்கள். மாலையில் வோல்டேஜ் இறங்குகிற லயங்களில் இருப்பவர்கள் அப்டேட்டைக் காலையில் வைத்துக்கொள்வது நல்லது. அதற்குப் பிறகும் எழும்பாவிட்டால் பழுது பார்க்க 6,000 கொடுக்காதீர்கள். அந்தக் காசைப் புதியதில் போடுங்கள்.

ஃபேஸ்புக்கில் பார்த்து ஒரு வருடச் சேனல் பெக்கேஜுக்கு 9,000 ரூபாவை ஒருவரின் கணக்குக்குப் போட்டேன். இரண்டாவது மாதமே ஆப் அப்டேட் கேட்கிறது. அப்டேட் போட இன்னும் 3,000 வேண்டுமாம். அனுப்பலாமா?
*மாத்தளை வாசகர்*

அனுப்பாதீர்கள். கடை எங்கே என்று கேட்கவில்லை, ஆள் யார் என்று கேட்கவில்லை, பில் கேட்கவில்லை. 9,000 போன பிறகுதான் 3,000க்கு யோசனை கேட்கிறீர்கள். முறையான சந்தா ஆப் எதுவும் அப்டேட்டுக்குத் தனியாகக் காசு வாங்காது. வங்கிக்கு இன்றே சொல்லுங்கள். பணம் போட்ட ரசீதையும் அவர் அனுப்பிய செய்திகளையும் எடுத்துக்கொண்டு பொலிஸில் முறைப்பாடு கொடுங்கள். செய்திகளை அழித்துவிட்டால் அதுவும் போச்சு.

போன வருடம் மார்ச்சில் போனில் பார்ப்பதை டிவிக்கு அனுப்பும் என் பழைய குரோம்காஸ்ட் திடீரென்று நின்றது. ரீசெட் செய்தேன். அன்றிலிருந்து அலமாரியில் கிடக்கிறது. எறிந்துவிடலாமா?
*கண்டி வாசகர்*

இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட், 2015இல் வந்தது என்றால் எறியாதீர்கள். 2025 மார்ச் 9 அளவில் உலகெங்கும் அவை ஒன்றாக நின்றன. உள்ளே இருந்த ஒரு பாதுகாப்புச் சான்றிதழின் காலம் முடிந்துவிட்டது. ரீசெட் செய்ய வேண்டாம் என்று கூகுள் அப்போதே சொன்னது, ஏனென்றால் ரீசெட் செய்த கருவியை மறுபடி இணைக்க முடியவில்லை. சில நாட்களில் திருத்தம் வந்தது. ரீசெட் செய்தவர்களுக்குப் போனிலுள்ள கூகுள் ஹோம் ஆப்பின் புதிய பதிப்பு வேண்டியிருந்தது. அந்த ஆப்பை இப்போது அப்டேட் செய்து, குரோம்காஸ்ட்டைப் புதிதாகச் சேர்ப்பது போல் சேர்த்துப் பாருங்கள்.

எதுவும் நின்றால் முதலில் ரீசெட்டை அழுத்தும் பழக்கம் நம்மிடம் நிறைய. கணக்கு விவரமெல்லாம் போய்விடும், கோளாறு அப்படியே இருக்கும். அணைத்துப் போடுங்கள், திகதியைப் பாருங்கள், வேறு யாருக்கும் இதே பிரச்சினையா என்று ஒருநாள் பொறுத்துப் பாருங்கள். ரீசெட் எல்லாவற்றுக்கும் பிறகு.

அப்டேட்டை நிறுத்தி வைத்தால் டேட்டா மிச்சமாகுமா? எங்களுக்கு 4ஜி ரவுட்டர்தான்.
*மஸ்கெலியா வாசகர்*

மிச்சமாகும், ஆனால் அது சில்லறை. நெட்ஃபிளிக்ஸ் எச்டியில் மணிக்கு 3 ஜீபி வரை போகும், சாதாரணத் தரத்தில் 1 ஜீபி. டேட்டா போவது அங்கே. படத்தின் தரத்தை இறக்கி வையுங்கள். 32 அங்குல டிவியில் பிள்ளைகள் கார்ட்டூன் பார்க்க அது போதும். ஓஎஸ் அப்டேட்டை விடாதீர்கள், பாதுகாப்புத் திருத்தங்கள் அதில்தான் வருகின்றன. ஆப்கள் தானாக அப்டேட் ஆவதை மட்டும் நிறுத்தி, உங்கள் பெக்கேஜில் இரவு நேர டேட்டா இருந்தால் அப்போது நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு ஆப்புக்கு வருடச் சந்தாவாகக் கட்டினால் மலிவாக வருகிறது. கட்டலாமா?
*ஹப்புத்தளை வாசகி*

முதல் இரண்டு மாதம் மாதாமாதம் கட்டுங்கள். உங்கள் டிவியின் ஓஎஸ் பதிப்பைச் சொல்லி, அதில் ஓடுமா என்று அந்த நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வந்த பிறகு வருடத்துக்குப் போகலாம்.

பழைய ஸ்மார்ட் டிவியில் நெட்ஃபிளிக்ஸ் நின்றுவிட்டது. புது டிவிதான் வழி என்கிறார் கடைக்காரர்.
*ராகலை வாசகர்*

இல்லை. 2019 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் 2010, 2011 காலத்து சில சாம்சங் டிவிகளை இப்படித்தான் கைவிட்டது. படம் நன்றாகத் தெரிகிறதல்லவா, பின்னால் எச்டிஎம்ஐ துளை இருக்கிறதல்லவா? சான்றிதழ் பெற்ற ஒரு குச்சி வாங்கிச் செருகுங்கள். டிவி இன்னும் பல வருடம் ஓடும்.