பான்ஃபில் பிறந்த துரையைப் பதிவேட்டில் காணவில்லை: என்ன செய்வது?

கேள்வி: குன்னூரில் இருக்கிறேன். என் அம்மாவின் தாத்தா ஸ்காட்லாந்திலிருந்து நீலகிரிக்கு வந்த தேயிலைத் தோட்டத் துரை. 1880 வாக்கில் பிறந்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். 1908-ல் இங்கே சர்ச்சில் கல்யாணம் நடந்தது. 1938-ல் இறந்தார், கல்லறையும் இங்கேதான் இருக்கிறது. ஒரு பழைய போட்டோவின் பின்புறம் ‘பான்ஃப்’ என்று எழுதியிருக்கிறது. ஸ்காட்லாந்து அரசின் இணையதளத்தில் தேடினால் நாடு முழுக்க அதே பெயரில் பலர் வருகிறார்கள், பான்ஃபில் மட்டும் ஒருவர்கூட இல்லை. சென்னையில் ஒரு ஏஜென்ட், அறுபதாயிரம் ரூபாய் கொடுத்தால் வம்சாவளிச் சான்றிதழும் குடும்பச் சின்னமும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். அதை வைத்து எனக்குப் பிரிட்டன் விசாவும் எடுக்கலாமாம். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த ஏஜென்ட் விஷயத்தை முடித்துவிடுகிறேன். மலைநாட்டுக் குடும்பங்களிடம் இப்படிப் பணம் பறிப்பதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது. ஸ்காட்லாந்துச் சட்டப்படி, ஒரு குடும்பப் பெயருக்குப் பொதுவான சின்னம் என்று எதுவும் கிடையாது. சின்னம் தனி ஒருவருக்கு வழங்கப்படுவது. அவருடைய வாரிசு முறைப்படி அது இறங்கும். அதைக் கவனிக்க எடின்பரோவில் லார்ட் லயன் நீதிமன்றம் என்றே ஒன்று இருக்கிறது. தரகர் ஃபிரேம் போட்டுத் தரும் சின்னம் யாரோ ஒரு பிரபுவுடையதாக இருக்கும். ‘வம்சாவளிச் சான்றிதழ்’ என்பதும் அவரே அச்சடிக்கிற காகிதம்தான். ஸ்காட்லாந்து அரசு தருவது பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகளின் சான்றளித்த நகல். அதை நீங்களே இணையத்தில் பணம் கட்டி வாங்கலாம்.

விசாவைப் பொறுத்தவரை, பிரிட்டனின் பூர்வீக விசாவுக்குத் தாத்தா பாட்டிகளில் ஒருவர் பிரிட்டனில் பிறந்திருக்க வேண்டும். உங்களுக்கு அவர் கொள்ளுத்தாத்தா. எவ்வளவு ஆவணம் சேர்த்தாலும் அந்த விசா உங்களுக்குக் கிடைக்காது. உங்கள் அம்மாவுக்கு அவர் தாத்தா என்பது உண்மைதான். ஆனால் அங்கே போய் வேலை செய்யும் எண்ணம் உள்ளவர்களுக்கான விசா அது.

சரி, பான்ஃபுக்கு வருவோம். பான்ஃப் ஒரு சிறு ஊரின் பெயர். அந்த ஊரைத் தலைநகராகக் கொண்ட பழைய பான்ஃப்ஷயர் மாவட்டத்தையும் அதே பெயரால் சொல்வார்கள். 1975-ல் அந்த மாவட்ட அமைப்பையே கலைத்துவிட்டார்கள். இன்று பாதி மோரேயிலும் பாதி அபர்டீன்ஷயரிலும் கிடக்கிறது. ஊருக்கு வந்து எஸ்டேட்டில் வேலை பார்த்தவர், கேட்டவர்களுக்கு எளிதாக இருக்கட்டுமென்று மாவட்டப் பெயரைச் சொல்லியிருப்பார். எனவே பான்ஃப் ஊரில் மட்டும் தேடாமல் அந்த மாவட்டத்தின் எல்லாப் பதிவு வட்டாரங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். பல வட்டாரங்களின் பெயர் பழைய சர்ச் சபை வட்டாரப் பெயராகவே இருக்கும். டஃப்டவுன் ஊர் இருப்பது மார்ட்லக் வட்டாரத்தில், பக்கி என்ற மீன்பிடி ஊர் ராத்வென் வட்டாரத்தில். ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்து ஒன்றும் வரவில்லை என்று விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். பெயர் ‘மேக்’ என்று தொடங்கினால் அதை எழுதும் எல்லா வகையிலும் தேடுங்கள்.

ஆனால் இதையும் இப்போது செய்யாதீர்கள். ஸ்காட்லாந்துக்குப் போகுமுன் குன்னூரில் ஒரு வேலை இருக்கிறது. அவருடைய 1908 திருமணப் பதிவைக் கண்டுபிடியுங்கள். அதில் மணமகனின் அப்பா பெயர் இருக்கும். அந்த ஒரு பெயர் இல்லாமல் செய்கிற தேடல் எல்லாம் வீண். சர்ச் அலுவலகத்தில் பதிவேடு கிழிந்துவிட்டது, ஆயர் ஊரில் இல்லை, அடுத்த மாதம் வாருங்கள் என்று அலைக்கழித்தால் மனம் தளர வேண்டாம். மதராஸ் மாகாணத்துச் சர்ச்சுகள் தங்கள் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகலை லண்டனுக்கு அனுப்பியாக வேண்டும் என்ற ஏற்பாடு அன்று இருந்தது. அந்த நகல்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் (அன்று லண்டனிலிருந்து இந்தியாவைக் கவனித்த அரசுத் துறை) ஆவணங்களில் இருக்கின்றன. ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற வம்சாவளித் தேடல் தளத்தில் படமாகவே பார்க்கலாம். அப்படியே கல்லறைக் கல்லையும் ஒருமுறை நன்றாகத் துடைத்துப் படியுங்கள். பிறந்த ஊரைக் கல்லில் பொறிப்பது அவர்கள் வழக்கம்.

அப்பா பெயர் கையில் வந்ததும் பிறப்புப் பதிவுக்குப் பாயாமல் சென்சஸுக்குப் போங்கள். ஸ்காட்லாந்தில் பத்தாண்டுக்கு ஒருமுறை சென்சஸ். 1841 முதல் 1921 வரை பொதுமக்கள் பார்க்கலாம். உங்களுக்கு வேண்டியவை மூன்றுதான்: 1881, 1891, 1901. 1881 ஏப்ரல் 3 இரவு எடுத்த கணக்கில் அவர் ஒரு வயதுக் குழந்தை. அந்த ஆண்டின் எழுத்துப் படி, அதாவது அசலைப் படித்துத் தட்டச்சு செய்த படி, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பிள்ளை பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்துத் தேடினால், அந்தப் பலரில் இரண்டு மூன்று பேர்தான் மிஞ்சுவார்கள். அப்புறம் 1891-ஐப் பார்த்து உறுதிசெய்யலாம். வயதில் ஓரிரண்டு வருடம் முன்பின் இருந்தால் கவலைப்படாதீர்கள். வெளிநாட்டுத் தனியார் தளங்களில் சந்தா கட்டி ஸ்காட்லாந்து சென்சஸைத் தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அங்கே பெரும்பாலும் யாரோ படித்து எழுதிய படிதான் இருக்கும். அசல் பக்கத்தின் படம் அரசின் ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் தளத்தில்தான்.

இவ்வளவு சுற்றி வரச் சொல்வதற்குக் காரணம் அந்த அரசுத் தளத்தின் கட்டண முறை. தேடுவது இலவசம். ஆனால் 1880-ன் பிறப்பு அட்டவணையில் அப்பா அம்மா பெயர் காட்டமாட்டார்கள். படத்தைத் திறந்தால்தான் தெரியும்; திறக்க ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை பவுண்டு அளவில் ஆகும். தவறான ஆளுடைய படத்தைத் திறந்தாலும் காசு போனது போனதுதான். மக்களின் வரிப்பணத்தில் எழுதிய, மக்களைப் பற்றிய பதிவு இது. அம்மா பெயரையாவது அட்டவணையில் சேர்த்தால் என்ன கெட்டுவிடும்?

சரியான பிறப்புப் பதிவு கிடைத்துவிட்டால் அதன் பிறகு பாதை சுலபம். ஸ்காட்லாந்தில் கட்டாயப் பதிவு 1855-ல் தொடங்கியது. அங்கே பிறப்புப் பதிவிலேயே பெற்றோரின் கல்யாணத் தேதியும் இடமும் இருக்கும். இங்கிலாந்துப் பதிவில் அது கிடையாது. அந்தக் கல்யாணப் பதிவில் இருபக்கத் தாய் தந்தையர் பெயரும், தாய்மாரின் பிறந்தவீட்டுப் பெயர் உட்பட, இருக்கும். இறப்புப் பதிவிலும் இறந்தவரின் பெற்றோர் பெயர் உண்டு. ஒரு பதிவு அடுத்த தலைமுறையைக் காட்டிக்கொண்டே போகும். 1855-க்கு முந்தியதற்குச் சபைப் பதிவேடுகள்தான் கதி. அவற்றில் ஓட்டை அதிகம்.

இத்தனையும் செய்தும் கிடைக்கவில்லை என்றால்? இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பான்ஃப் என்று நீங்கள் எழுதியதும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். ஸ்காட்லாந்தின் வடகிழக்கில், குறிப்பாக பான்ஃப்ஷயரில், 19-ஆம் நூற்றாண்டில் கல்யாணத்துக்கு முன் பிறந்த குழந்தைகள் மிக அதிகம். பண்ணைகளில் ஆறு மாதக் கூலிக்கு ஊர் ஊராக மாறிய இளைஞர்கள், குடும்பம் நடத்த வீடு கிடைக்காத நிலை. ஊரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அப்படிப் பிறந்த பிள்ளையின் பதிவில் அப்பா பெயர் வர வேண்டுமானால், அப்பா நேரில் வந்து அம்மாவோடு சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். வரவில்லை என்றால் பிள்ளை அம்மாவின் குடும்பப் பெயரிலேயே பதிவாகிவிடும். வளர்ந்த பின் அப்பா பெயரையோ, அம்மா பிறகு கட்டிக்கொண்டவர் பெயரையோ வைத்துக்கொண்டு கப்பலேறியிருப்பார். நீங்கள் தேடும் பெயரில் அவர் பிறக்கவே இல்லாமல் இருக்கலாம்.

இதற்கு அடையாளம், 1908 திருமணப் பதிவில் அப்பா பெயர் காலியாக இருப்பது. சென்சஸில் தாத்தா பாட்டி வீட்டில், வேறு குடும்பப் பெயரோடு, ‘பேரன்’ என்று ஒரு சிறுவன் இருப்பதும் அடையாளம்தான். அப்படி ஒரு பையன் தென்பட்டால் அவனுடைய பிறப்புப் பதிவைத் திறந்து ஓரத்தைப் பாருங்கள். அம்மா ஷெரிஃப் நீதிமன்றம் என்ற உள்ளூர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, தந்தை இன்னார் என்று தீர்ப்பு வாங்கியிருந்தால், திருத்தப் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லி அங்கே ஒரு குறிப்பு இருக்கும். அதுவும் இல்லையென்றால் கிர்க் செஷன் எனப்படும் சபை மூப்பர்களின் கூட்டக் குறிப்புகளைத் தேடலாம். அம்மாவை அழைத்து அப்பா யார் என்று கேட்டு எழுதி வைத்திருப்பார்கள். 1900 வரையிலான கிர்க் செஷன் குறிப்புகளில் பெரும்பகுதியை அதே அரசுத் தளத்தில் காசில்லாமல் புரட்டலாம். பெற்றோர் பின்னால் கல்யாணம் செய்துகொண்டிருந்தால், ஸ்காட்லாந்துச் சட்டப்படி பிள்ளை முறையான பிள்ளையாகவே ஆகிவிடும். வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

திருமணப் பதிவு கிடைத்ததும் அதன் நகலோடு மறுபடி எழுதுங்கள். அதுவரை அரசுத் தளத்தில் ஒரு படத்தைக்கூடத் திறக்க வேண்டாம்.